பதினான்காம் நம்பர் நிற்க வேண்டிய இடம்

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலேயே அனல். டெக்சாஸில், இந்தக் கேட்டியில் செப்டம்பர் என்பது பெயருக்குத்தான். புல்லுக்குத் தண்ணீர் விடும் குழாய் நின்றுவிட்டது, மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியது: மடக்கு நாற்காலியின் கால் ஆடுகிறது, கம்பி கட்ட. பிரஷர் மாத்திரை தீரப் போகிறது. மகள் மெர்சியைக் கவனிக்க.

மூன்றாவதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

பயமாக இருக்கிறது. சொல்ல ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்து எனக்கு நாற்பதுக்கு மேல் வந்தது, தூத்துக்குடியில் சுமை இறக்கிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு சிஸ்டர் சொல்லிக் கொடுத்தது. கோணல்தான். பரவாயில்லை, எனக்கு மட்டும்.

இன்று கடைக்குப் போகக் காரை வெளியே எடுத்தாள். இடப்பக்கக் கண்ணாடி கராஜ் கதவுச் சட்டத்தில் உரசி மடங்கிவிட்டது. அதே கார், அதே கதவு. இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் விட்டவள் இல்லை.

"என்னட்டி?"

"பாக்கலப்பா. விடுங்க."

பார்க்கவில்லை. அதுதான் என் பயம். இடப்பக்கம் இருப்பதை அவள் பார்ப்பதில்லை. தட்டில் வலப்பக்கத்துச் சோறு தீர்ந்துவிடும், இடப்பக்கத்துப் பொரியல் அப்படியே இருக்கும். நான் இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் உடம்போடு திரும்புகிறாள். சாம்பாருக்கு உப்புப் போட்டுவிட்டு மறுபடியும் போடுகிறாள்.

எல்லாம் ஆகஸ்ட் மாதப் பந்தாட்டப் பயிற்சிக்கு அப்புறம்.

அன்றைக்குப் பந்து மேலே போனது. மெர்சியும் இன்னொரு பெண்ணும் தாவினார்கள். அந்தப் பெண்ணின் முழங்கால் மெர்சியின் வலது காதுக்கு மேலே இறங்கியது. தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரு சத்தம். விழுந்தாள், கொஞ்சம் கிடந்தாள், சிரித்துக்கொண்டே எழுந்தாள். மாப்பிள்ளை மைதானத்தின் அந்தக் கோடியில் வேறு சிலருக்கு உதைக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாது. நான் பக்கத்தில், நாற்காலியில்.

என் வீட்டுக்காரி இருதயமேரியும் சிரித்துக்கொண்டேதான் எழுந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்தது. நெல்லிக்காய் அளவு வீக்கம், ஐஸ் வைத்தோம், போய்விட்டது. அதற்கப்புறம் குழம்புக்கு இரண்டு தடவை உப்பு. அந்த மாதக் கடைசியில் ஒருநாள் காலையில் எழுப்பினேன், எழும்பவில்லை.

கேட்டுவிட்டேன் மெர்சியிடம். "டாக்டர்ட்ட காட்டியாச்சுப்பா. போன திங்கக்கெழம. ஒண்ணுமில்லன்னுட்டாங்க" என்றாள். கொஞ்சம் மூச்சு வந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

வந்த மூச்சு போய்விட்டது.

விடியக் காபி கலக்கும்போது நினைவுக்கு வந்தது. போன திங்கள் இங்கே தொழிலாளர் விடுமுறை. மாப்பிள்ளை வீட்டில். கொல்லையில் கோழி வாட்டினார். மெர்சி நீல பனியன் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள், சாயங்காலம் சோபாவில் தூங்கினாள். வீட்டை விட்டு இறங்கவே இல்லை. எந்த டாக்டர் அன்றைக்குப் பார்ப்பார்?

மாப்பிள்ளை ஆபீஸ் போனதும் கேட்டேன். முதலில் சிரித்தாள்.

"ஒங்க ஞாபகத்த வச்சுக்கிட்டு இந்த வீட்டுல ஒரு பொய் சொல்ல முடியுதா?"

"மெர்சி, ஒங்கம்மாவுக்கும் இப்படித்தான்…"

"அம்மா கதைய எடுக்காதீய."

அப்புறம் பக்கத்தில் வந்தாள். எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தால் நான் அவளுக்கு இடப்பக்கம் ஆகிவிடுவேன். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தெரிந்துதான் செய்கிறாளா?

"இருவதாம் தேதி டல்லாஸ் டீம் வருது. நாங்க ஒரு தடவகூட அவங்கள ஜெயிச்சதில்ல. எனக்கு நாப்பத்திரெண்டு ஆச்சுப்பா. அடுத்த வருசம் ஓட முடியுமோ என்னவோ. அந்த ஒரு மேட்ச் சென்டர்ல நின்னு ஆடிட்டு நானே போய் டாக்டர்ட்ட காட்டுதேன். அதுவரைக்கும் அவர்ட்ட சொல்லிராதீய. சொன்னா அன்னைக்கே என்னைய டீம்ல இருந்து எடுத்துருவாரு."

"எடுக்கட்டும்."

"அப்பா. அம்மா மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணிவிட்டேன். அவள் கண்ணைப் பார்த்தால் பண்ணாமல் இருக்க முடியாது. இப்போது வாய் கட்டிக் கிடக்கிறது.

இந்த ஆட்டம் எங்கே இருந்து வந்தது என்று எழுத வேண்டும். அவர்கள் ஆறு வருஷம் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருந்தார்கள். மாப்பிள்ளைக்கு எரிவாயுக் கம்பெனி வேலை. அங்கே தெருவுக்குத் தெரு இந்த ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட்டம். கையாலும் அடிக்கலாம், காலாலும் உதைக்கலாம், பந்து முட்டை மாதிரி, மைதானமும் முட்டை மாதிரி. இரண்டு கோடியிலும் நாலு நாலு கம்பம், நடுவில் உள்ள இரண்டுக்கும் இடையில் உதைத்தால் முழுப் புள்ளி. அதே கம்பெனி கேட்டிக்கு மாற்றியது. இங்கே வந்து பார்த்தால் அதே மாதிரி வந்த ஆஸ்திரேலியாக்காரர்கள், அவர்களைப் பார்த்துச் சேர்ந்த டெக்சாஸ்காரிகள். பெண்கள் டீமுக்கு மாப்பிள்ளைதான் கோச். பதினெட்டுப் பேர் ஆட வேண்டியது, அத்தனை பேர் கிடைக்காததால் பன்னிரண்டு.

சாயங்காலம் மாப்பிள்ளை வெள்ளைக் கோடு போடும் பெயின்ட் வாங்க என்னையும் கூட்டிப் போனார். காரில் எப்போதும் போல என்னிடம் கேட்டார். அவர் எதையும் எழுதி வைப்பதில்லை. என்னிடம் கேட்பார்.

"மாமா, மழை பெஞ்ச மேட்ச்ல நம்ம டீம் பிரெண்டா பந்த எந்தக் கையில புடிச்சாங்க?"

"இடது. வலது விரல்ல பிளாஸ்டர் போட்டிருந்தது."

"கரெக்ட். சரி, மெர்சி எப்படி இருக்கா? சென்டர்லயே வச்சிரலாமா?"

எங்கிருந்து அந்த யோசனை வந்ததோ. சத்தியம் தலையைப் பற்றித்தானே, இடத்தைப் பற்றி இல்லையே என்று.

"ஓட்டம் கொறஞ்சுபோச்சு மாப்ள. மூணு பயிற்சியா பாக்கேன். திரும்பறதுக்கே நேரமாவுது. பின்னால கம்பத்துப் பக்கம் மூலையில போட்டா நல்லது."

பொய். மூன்று பயிற்சியிலும் அவளைப் பிடிக்க ஆள் இல்லை.

அவர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே வந்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாமா."

அந்த மூலையை நான் பார்த்திருக்கிறேன். பயிற்சியில் அங்கே நிற்கிற பெண் பாதி நேரம் கொசு விரட்டிக்கொண்டு நிற்பாள். பந்து எப்போதோதான் வரும். அங்கே நின்றால் என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

செப்டம்பர் 10, புதன்

போர்டு நாள்.

புதன்கிழமை சாயங்காலம் எல்லாப் பெண்களும் நம் கராஜுக்கு வருவார்கள். சாப்பாடு மெர்சி. வெள்ளைப் பலகையில் மைதானம் வரைந்திருக்கும், ஒவ்வொருவர் நம்பருக்கும் ஒரு வட்டக் காந்தம். மெர்சி பதினான்கு.

மாப்பிள்ளை ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். ஆரம்பத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசி ஒருநாள் சண்டையாகி அழுகையில் முடிந்ததாம், அதிலிருந்து இப்படி. அவரவர் காந்தத்தை அவரவர் ஆட விரும்பும் இடத்தில் வைப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை. யாருடைய காந்தத்தையும் எங்கேயும் நகர்த்தலாம், பேசாமல். நகர்த்தப்பட்டவளுக்குப் பிடிக்கவில்லையானால் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் காரணம் சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும். காரணம் சொல்ல முடியாதவள் உட்கார வேண்டியதுதான்.

எனக்கும் ஒரு காந்தம் உண்டு. பிரெண்டா செய்தது. பிரெண்டா என்பவள் டீமிலேயே பெரிய உடம்புக்காரி, கதவை அடைத்துக்கொண்டு நிற்பாள், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். எல்லாரும் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதுதான் என் பெயர் என்று நினைப்பு. என் காந்தம் கோட்டுக்கு வெளியே, நாற்காலி இருக்கும் இடத்தில். என் முறை வந்தால் அதை எடுத்துக் கோல் கம்பங்களுக்கு நடுவில் வைப்பேன். சிரிப்பார்கள். ஒவ்வொரு புதனும் அதே சிரிப்பு.

பிரியாணியில் உப்புத் தூக்கல். பெண்கள் தண்ணீராகக் குடித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் முகத்தைச் சுளித்துவிட்டுத் தயிர் ஊற்றிக்கொண்டார்.

மெர்சி பதினான்கை நடுவில் வைத்தாள். மாப்பிள்ளை முறை வந்ததும் அதை எடுத்துப் பின் மூலையில் வைத்தார்.

மெர்சி எழுந்தாள். இங்கிலீஷில் சொன்னாள், மூணு சீசனாக சென்டர் நான்தான் என்று. மாப்பிள்ளை தமிழில், மெதுவாக: "மாமாதான் சொன்னாரு. ஓட்டம் கொறஞ்சிருக்காம்."

என்னைப் பார்த்தாள். எதிரே இருந்தேன், நன்றாகவே தெரிந்திருப்பேன். காந்தத்தை எடுக்காமலே உட்கார்ந்தாள்.

பாத்திரம் கழுவ என்னை விடவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

பேசவில்லை. காபி மேசைமேல் வந்தது, ஆள் வரவில்லை.

நாற்காலிக் காலுக்குக் கம்பி கட்டினேன்.

மத்தியானம் ஒரே ஒரு வாக்கியம்: "என் ஓட்டத்துல கொற சொல்ல ஒங்களுக்கு எப்படிப்பா மனசு வந்துச்சு?"

கோபம் இருக்கட்டும். மூலையில் நிற்கட்டும். கோபம் தணியும்.

செப்டம்பர் 13, சனி

எழுத்து இன்று இன்னும் கோணல்.

பயிற்சி. இன்று முதல் முறை டல்லாஸ் ஆட்டம் போலவே இரண்டாகப் பிரிந்து ஆடினார்கள். மெர்சி பின் மூலையில். பிரெண்டாவை எதிர்ப்பக்கம் விட்டிருந்தார் மாப்பிள்ளை.

கொசு விரட்டுகிற இடம் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

எதிர்ப்பக்கம் அந்தக் கம்பத்தை நோக்கித்தான் உதைக்கிறது. தூரத்திலிருந்து உயரமாக ஒரு உதை. பந்து தலைக்கு மேலே. மெர்சி அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் ஓடுகிறாள். பந்தைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாது அவளால். முன்னாலிருந்து இரண்டு பேர், இடப்பக்கமிருந்து பிரெண்டா, பஸ் வருகிற மாதிரி. எல்லாருக்கும் கண் வானத்தில்.

நான் எழுந்து கத்தினேன். தமிழில் கத்தினேன், யாருக்குப் புரியும்.

பிரெண்டா கடைசி நேரத்தில் மெர்சியைப் பார்த்துத் தன்னை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள். தோள் மட்டும் உரசிப் போனது. மெர்சி ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள். எங்கே இருந்து வந்தாள் இவள் என்கிற முகம். பிரெண்டாவும் அவளையே பார்த்தாள், கொஞ்ச நேரம்.

திரும்பி வரும்போது மாப்பிள்ளையிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். அந்த மூலை சுலபமான இடம்தானே என்று.

"சுலபமா? நல்லா கேட்டீங்க மாமா. அங்க நிக்கறவங்கதான் பந்த மட்டும் பாத்துகிட்டு பின்னாடியே ஓடணும். யார் வந்து மோதறாங்கன்னு தெரியாது. அதுக்குத் தைரியம் வேணும். மெர்சிக்கு அது இருக்கு, அதான் ஒத்துகிட்டேன்."

நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த இடம். இருக்கிற இடத்திலேயே மோசமான இடம். அதுவும் இடப்பக்கம் தெரியாதவளுக்கு.

டல்லாஸ் பெண்கள் தோளைச் சாய்த்துக்கொள்ள மாட்டார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சர்ச்சில் தமிழ்ப் பூசை. ஏசி அதிகம், சால்வை எடுத்துப் போகாதது தப்பு.

சாமியாரிடம் கேட்க நினைத்தேன். செத்தவள்மேல் பண்ணின சத்தியத்தை மீறினால் என்ன ஆகும் என்று. மறைக்கல்வி முடிந்த பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டன. வாசலில் ஒரு அங்கிள் பிடித்துக்கொண்டார், கிரீன் கார்டு, பார்சிப்பனி ஊரில் மகனின் வீடு, சொத்து வரி. தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அவருக்குப் பின்னால் மெர்சி படியிறங்கினாள், இடது கைப்பிடியைத் தேடினாள், கிடைக்காமல் வலப்பக்கம் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

சாமியாரைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்று பயம்.

செப்டம்பர் 15, திங்கள்

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள் இன்று. மத்தியானம் படுத்தாள். எழும்பவில்லை. எழும்பவே இல்லை.

கதவுக்கு வெளியே நின்று மூச்சு கேட்கிறதா என்று பார்த்தேன். ஏசி சத்தம்தான் கேட்டது. உள்ளே போய் மூக்குக்கு நேரே கையை வைத்தேன். சூடான காற்று. கண் திறந்துவிட்டாள்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. போன் அடிச்ச மாதிரி இருந்தது."

"அடிக்கலையே." திரும்பிப் படுத்தாள்.

சோபாவில் வந்து உட்கார்ந்தேன். அன்றைக்கு இருதயமேரியைத் தொட்டபோது அவள் காது மடல்தான் முதலில் கையில் பட்டது. குளிர்ச்சி. அதை நினைக்கக் கூடாது என்று எழுந்து துணி மடித்தேன். மடித்த துணியையே மறுபடி மடித்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பல் தேய்க்கும்போது மாப்பிள்ளை வந்து நின்றார்.

"மாமா, மெர்சிக்கு உங்ககிட்ட என்ன கோபம்?"

"மூலையில போட்டதுக்குத்தான்."

"அது மட்டுந்தானா? அவ ஒரு மாதிரியா இருக்கா. கேட்டா ஸ்ட்ரெஸ்னு சொல்றா."

வாயில் நுரை. துப்பிவிட்டுச் சொல்லிவிடலாம் என்று குனிந்தேன். சத்தியம் ஞாபகம் வந்தது, மறுபடி வாய் கொப்பளித்தேன். நிமிர்வதற்குள் அவருக்கு மீட்டிங் வந்துவிட்டது, காதில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தூத்துக்குடியில் தோணிக் கீழறையில் மூட்டை அடுக்க ஆள் இறக்கும்போது மேலே நிற்கிறவன் ஒருத்தன் இருப்பான். மூட்டை தூக்கும் கொக்கி ஆடினால் கத்த வேண்டியது அவன் வேலை, வேறு வேலை கிடையாது. நான் அந்த இடத்தில் நின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை வரை நாலே நாள். மெர்சியிடம் மறுபடி கேட்டேன். "டாக்டர்ட்ட நாளைக்கே போவோம், நானும் வாரேன்."

"சத்தியம் பண்ணியிருக்கீய."

"சத்தியம் மாப்ளட்ட சொல்லக் கூடாதுன்னுதான். ஒன்ட்ட சொல்லக் கூடாதுன்னு இல்ல."

"ஞாயித்துக்கெழம போவோம். மேட்ச் முடிஞ்சதும். பிராமிஸ்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள்.

மாத்திரை வாங்கவில்லை இன்னும்.

செப்டம்பர் 17, புதன்

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கராஜில் எல்லாரும். இட்லி, கோழிக் குழம்பு. குழம்பை நான் வைத்தேன், உப்புக்கு வழி விடவில்லை. மேசை மெர்சிக்கு வலப்பக்கம். பிரெண்டா அவளுக்கு இடப்பக்கம்.

பேசக் கூடாத நேரம் தொடங்கியது. காந்தம் ஒட்டுகிற சத்தம் மட்டும், டக், டக்.

மெர்சி பதினான்கை எடுத்தாள். பின் மூலையில் வைக்கவில்லை. மறுபடி நடுவில். மாப்பிள்ளையை ஒரு பார்வை. அவர் தலையைக் குனிந்து சிரித்துவிட்டார். அவருடைய ஒரு முறையை வேறு ஒரு பெண்ணுக்குச் செலவழித்தார். மெர்சி ஜெயித்துவிட்டாள். சனிக்கிழமை நடுவில் ஆடப் போகிறாள்.

சுற்று என்னிடம் வந்தது. எல்லாரும் முன்கூட்டியே சிரிக்கத் தயாராக இருந்தார்கள், அப்பா கோல் கம்பத்துக்குப் போகப் போகிறார் என்று.

எழுந்தேன். முட்டி ஒரு சத்தம் போட்டது. என் காந்தத்தைத் தொடவில்லை. பதினான்கை எடுத்தேன். பலகைக்கு அடியில் ஒரு கோடு உண்டு, ஆடாதவர்கள் உட்காரும் பெஞ்ச். அங்கே வைத்தேன். கை எடுத்ததும் அது கொஞ்சம் வழுக்கியது, பிடித்து மறுபடி அழுத்தினேன்.

யாரும் சிரிக்கவில்லை.

நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வாய் திறக்கவில்லை. இருதயமேரி கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மெர்சி எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. எல்லாருக்கும் புரிய இங்கிலீஷில்தான் பேசினாள். எனக்கு அங்கே ஒன்று இங்கே ஒன்றுதான் பிடிபட்டது, மீதியை மாப்பிள்ளை அப்புறம் போனில் சொன்னார். அப்பாவுக்கு வயசாகிவிட்டது. எதற்கெடுத்தாலும் பயம். அம்மா போனதிலிருந்து இப்படி. நான் நன்றாக இருக்கிறேன், இந்த டீமில் என்னைவிட யார் நன்றாக இருக்கிறார்கள். அதுவரைக்கும் வந்தாள். இருமல் வந்தது. தண்ணீர் என்றாள்.

பிரெண்டா தன் பாட்டிலை எடுத்து நீட்டினாள். மெர்சியின் இடது கன்னத்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரம்.

மெர்சி வலப்பக்கம் மேசையில் தேடினாள். தட்டு, டம்ளர், கரண்டி. "எங்க என் தண்ணி?"

பிரெண்டா கையை எடுக்கவில்லை. அவள் முகம் மாறியது. போன சனிக்கிழமை மைதானத்தில் பார்த்த அதே முகம்.

மாப்பிள்ளை பார்த்தார். எதிரே இருந்த பெண்கள் பார்த்தார்கள். பாட்டில் அப்படியே நிற்கிறது, மெர்சி தேடுகிறாள். ஒரு பெண் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

பிரெண்டா அந்தப் பாட்டிலை மெதுவாக, மெதுவாக, மெர்சியின் முகத்துக்கு முன்னால் கொண்டு வந்தாள். மூக்குக்கு நேரே வந்த அப்புறம்தான் மெர்சியின் கண் அதில் விழுந்தது.

"ஓ. தேங்க்ஸ்." வாங்கினாள். பாதி குடித்தாள். அப்போதுதான் எல்லாரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தாள். "என்ன?" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, தமிழில், சின்னப் பிள்ளை மாதிரி: "என்னப்பா?"

மாப்பிள்ளை கையிலிருந்த மார்க்கரை மூடினார். கார்ச் சாவியை எடுத்தார். "மெர்சி, செருப்பப் போடு."

அவள் காரணத்தை முடிக்கவில்லை. பதினான்கு பெஞ்சிலேயே இருக்கிறது.

பிரெண்டாதான் என்னோடு தங்கினாள். பாத்திரம் எல்லாம் கழுவினாள். நடுவில் ஒரு தடவை "ஓகே, அப்பா?" என்றாள். எனக்கு இல்லை என்று சொல்ல இங்கிலீஷ் வரும். சொல்லவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

ஆஸ்பத்திரி. மாப்பிள்ளை என்னையும் கூட்டி வந்தார். சுவரில் மீன் படம்.

மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் கசிந்து தேங்கி நிற்கிறதாம். சின்னதாகத்தான். இப்போதைக்குக் கத்தி வேண்டாம், பார்ப்போம் என்கிறார்கள். திங்கட்கிழமை மறுபடி ஸ்கேன். கூடியிருந்தால் துளை போட்டு எடுப்பார்கள். மாப்பிள்ளை துளை என்று சொல்லும்போது தன் தலையையே தொட்டுக் காட்டினார், அது தெரியாமலே.

"எப்பலேர்ந்து மாமா?"

சொன்னேன். முழங்கால், சத்தம், தட்டில் மிஞ்சிய பொரியல், கண்ணாடி, விடுமுறை நாள் டாக்டர். ஓட்டம் குறைந்தது பொய் என்பதையும்.

அவர் என்னைத் திட்டுவார் என்று இருந்தேன். "அவ்வளவு உப்புக்கும் தயிர் ஊத்திகிட்டு சாப்பிட்டேனே மாமா" என்றார். அவ்வளவுதான். எழுந்து காபி மெஷின் பக்கம் போய் நின்றார், காபி எடுக்கவில்லை.

உள்ளே மெர்சி என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இடப்பக்கம் இருந்தது சுவர்.

செப்டம்பர் 20, சனி

பாதி ஆட்ட இடைவேளையில் எழுதுகிறேன், மைதானத்தில், நாற்காலியில். வெயில். கொடி அசையவில்லை.

நேற்று வீட்டுக்கு விட்டார்கள். கார் ஓட்டக் கூடாது, குனியக் கூடாது, ஓடக் கூடாது. உட்காரலாம் என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். தலை வலித்தால், தூக்கம் அதிகமானால், வாந்தி வந்தால் உடனே கூட்டி வர வேண்டும். மூன்றையும் மனதில் போட்டிருக்கிறேன். தூங்குகிறாளா என்று பார்த்துப் பார்த்துத்தான் நேற்று விடிந்தது.

அவள் இடத்தில் பிரெண்டா. மாப்பிள்ளை குரல் கட்டிப்போய்க் கத்துகிறார். இப்போதைக்கு டல்லாஸ்தான் முன்னால்.

எனக்கு மெர்சியின் வலப்பக்கம் நாற்காலி போட்டிருந்தார்கள். எடுத்து இடப்பக்கம் போட்டுக்கொண்டேன். கோடு பக்கத்தில்தான் இருக்கிறது, பந்தும் ஆளும் அந்தப் பக்கமிருந்து உருண்டு வரும்.

புதன்கிழமைக்கு அப்புறம் முதல் பேச்சு:

"அங்கன ஒக்காராதீய. ஒங்களப் பாக்கணும்னா கழுத்தத் திருப்பணும்."

"நீ ஆட்டத்தப் பாரு."

"பாதி ஆட்டந்தான் தெரியுது."

"மீதிய நான் சொல்லுதேன்."

அப்புறம், "திங்கக்கெழம பயமா இருக்குப்பா."

எனக்கும் என்று சொல்லவில்லை. பிரெண்டா பந்தை விட்டுவிட்டாள், எடுத்துவிட்டாள், உதைத்தாள், கம்பத்தில் பட்டது என்று சொல்லிக்கொண்டு வந்தேன். தூங்கிவிடுவாளோ என்று நடுநடுவே பதில் கேட்டேன்.

இப்போது விசில். மறுபடி இறங்குகிறார்கள். டல்லாஸ்காரிகள் இந்தக் கோடியை நோக்கி உதைப்பார்கள். பந்து வந்தால் தடுக்க இரண்டு கையும் வேண்டும்.